திங்கட்கிழமை நோய்

பாரவண்டிகளைக் குதிரைகள் இழுத்த காலத்தில் ஐரோப்பிய லாயங்களில் ஒரு காட்சி பழக்கமானது. ஞாயிறு முழுக்கக் குதிரைக்கு ஓய்வு. தானியம் மட்டும் வேலைநாள் அளவிலேயே கிடைக்கும். திங்கள் காலை வண்டியில் பூட்டிச் சிறிது தூரம் போனதுமே குதிரைக்கு வியர்த்துக் கொட்டும், பின்னங்கால்கள் விறைக்கும், புட்டத்தைத் தொட்டால் கட்டைபோல இருக்கும். அப்புறம் ஒரு அடி நகராது. இதைத் திங்கட்கிழமை நோய் என்றே அழைத்தார்கள். களைக்கக் களைக்க உழைத்த நாளில் வராமல், ஓய்வெடுத்த மறுநாள் ஏன் வர வேண்டும்?

தசையில் லாக்டிக் அமிலம் தேங்குவதுதான் காரணம் என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். அது சரியில்லை. பெரும்பாலும் லேசான நடையிலோ மெதுவான ஓட்டத்திலோதான் இது வருகிறது. அந்த வேகத்தில் லாக்டிக் அமிலம் பெரிதாகச் சேர்வதே இல்லை.

நோயைக் கண்டறிவதில் முதல் சிக்கல், பார்வைக்கு இது வயிற்றுவலி போலவே இருப்பது. வியர்வை, வேகமான மூச்சு, தரையைக் காலால் பறிப்பது எல்லாம் இரண்டிலும் உண்டு. சிறுநீர் காப்பி நிறத்தில் வந்தால் சந்தேகம் தசையின் பக்கம் திரும்பும். உடைந்த தசைச் செல்களிலிருந்து கசியும் மயோகுளோபின் என்ற புரதம் தரும் நிறம் அது. அந்தப் புரதம் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடியது.

உறுதி செய்வது ரத்தப் பரிசோதனை. தசை சிதைந்தால் கிரியேட்டின் கைனேஸ், ஏ.எஸ்.டி. என்ற இரண்டு நொதிகள் ரத்தத்தில் கூடும். முன்னது 4 முதல் 6 மணி நேரத்தில் உச்சம் தொட்டுச் சீக்கிரம் இறங்கிவிடும். பின்னது மெல்ல ஏறி, பல நாட்கள் தங்கும். இரண்டும் கூடியிருந்தால் பாதிப்பு அண்மையில் நடந்திருக்கிறது, அல்லது இன்னும் தொடர்கிறது. ஏ.எஸ்.டி. மட்டும் கூடியிருந்தால் சில நாட்களுக்கு முன்பே நடந்து முடிந்திருக்கலாம் (ஆனால் அது கல்லீரலிலிருந்தும் வரும், கவனம்). சந்தேகம் தீரவில்லையா? பதினைந்து நிமிடம் லேசாக ஓடவிட்டு, ஓட்டத்துக்கு முன்பும் 4 முதல் 6 மணி நேரம் கழித்தும் கிரியேட்டின் கைனேஸை அளப்பார்கள். நல்ல தசையில் அது பெரிதாக நகராது. மூன்று நான்கு மடங்கு ஏறினால், குதிரை நன்றாக நடந்தாலும் உள்ளே தசை உடைகிறது.

ஆனால் ரத்தம் 'தசை உடைந்தது' என்று சொல்லுமே தவிர, ஏன் என்று சொல்லாது. பலரும் இங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

குவாட்டர் இனக் குதிரைகளிலும் பெல்ஜியன், பெர்ச்செரான் போன்ற பாரக் குதிரைகளிலும் அடிக்கடி காணும் காரணம், ஜி.ஒய்.எஸ்.1 என்ற மரபணுவில் ஏற்பட்ட ஒரே ஒரு எழுத்து மாற்றம். 2008-ல் கண்டுபிடிக்கப்பட்டது. தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், நோய் வரலாம். சர்க்கரையைக் கிளைகோஜனாகக் கோத்துத் தசையில் சேமிக்கும் நொதியை உருவாக்குவது இந்த மரபணுதான். மாற்றம் உள்ள குதிரையில் அந்த நொதி எப்போதும் வேலை செய்துகொண்டே இருக்கும். களஞ்சியம் நிரம்பி வழியும், ஆனால் அவசரத்துக்கு எடுத்து எரிக்க முடியாது. செல் சேமிக்கும் நிலையிலேயே மாட்டிக்கொள்கிறது. ஆற்றல் வறண்டு தசையிழை சுருங்கிய இடத்திலேயே இறுகிவிடுகிறது. தானியம் இன்சுலினை ஏற்றும், இன்சுலின் அந்த நொதியை மேலும் முடுக்கும். ஞாயிற்றுக்கிழமைத் தானியம் செய்தது இதைத்தான்.

தரோபிரெட் பந்தயக் குதிரைகளில் கதை வேறு. அங்கே கிளைகோஜன் சாதாரணமாக இருக்கும். தசைச் செல்லுக்குள் கால்சியத்தைக் கையாளுவதில்தான் கோளாறு என்று கருதப்படுகிறது. பதற்றப்படும் இளம் பெண் குதிரைகளுக்கு அதிகம் வரும். முதலில் சொன்ன கிளைகோஜன் வகைக்கு முடி வேர்களை அனுப்பினாலே மரபணுச் சோதனை செய்துவிடலாம். அது 'இல்லை' என்று வந்தால் அந்த மரபணு மாற்றம் நீங்கியது, நோயே நீங்கியதாக அர்த்தமில்லை. தசையிலிருந்து சிறு துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டியிருக்கும்.

விறைத்து நிற்கும் குதிரையை நடக்க வைத்தால் சரியாகும் என்று நினைப்பது பெரிய தவறு. தசை மேலும் கிழியும். நிறுத்த வேண்டும், தண்ணீர் வைக்க வேண்டும், மருத்துவரைக் கூப்பிட வேண்டும். நீர் வற்றிய உடலில் சில வலிநிவாரணிகளே சிறுநீரகத்தைத் தாக்கும் என்பதால், கையில் இருக்கும் மருந்தைப் போடுவதும் ஆபத்து.

கடும் வலி தணிந்த பிறகுதான் உரிமையாளருக்குக் கடினமான பகுதி. கிளைகோஜன் வகைக்கு நீண்ட ஓய்வு கெடுதல். இரண்டு நாளுக்கு மேல் லாயத்தில் கட்டிப்போடாமல், மேய்ச்சல் நிலத்தில் விட்டுத் தினமும் சிறிது சிறிதாக வேலை கூட்ட வேண்டும். தானியமும் வெல்லப்பாகு கலந்த தீவனமும் நிறுத்தி, சர்க்கரை குறைந்த உலர்புல் கொடுக்க வேண்டும். அதன் பிறகும் ஆற்றல் போதவில்லை என்றால் தாவர எண்ணெய் சேர்க்கலாம். ஆனால் இந்த நோயுள்ள குதிரைகள் பல ஏற்கெனவே குண்டாகத்தான் இருக்கும். அவற்றுக்கு எண்ணெய் ஊற்றுவது வேறு வம்பு. தரோபிரெட்டுக்கும் மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டுவதுதான் தீவன முறை. கூடவே அமைதியான சூழலும், தேவைப்பட்டால் செல்லுக்குள் கால்சியம் வெளியாவதை மட்டுப்படுத்தும் டான்ட்ரோலீன் மருந்தும் சேரும்.

தீவனம் மட்டும் மாற்றி உடற்பயிற்சியை விட்டால் பலன் வெகுவாகக் குறையும். சில வாரங்கள் இரண்டையும் சேர்த்துச் செய்த பிறகு அதே பதினைந்து நிமிட ஓட்டத்தை மறுபடி வைத்து ரத்தம் எடுத்துப் பார்ப்பது நல்லது. நடையில் குறையே தெரியாத குதிரையிலும் கிரியேட்டின் கைனேஸ் இன்னும் ஏறிக்கொண்டிருக்கலாம்.