'பழகிடும்' என்று இழுத்துக்கொண்டு போகாதீர்கள்

கோடை விடுமுறை வந்தால் போதும், ஆட்டிசம் உள்ள குழந்தைகள் வரும் எங்கள் தெரபி மையத்துக்கு ஒரே மாதிரிக் கதையோடு பெற்றோர் வருகிறார்கள். "எக்மோர் மியூசியம் போனோம் மேடம். திமிங்கில எலும்புக்கூட்டைப் பார்க்கணும்னு அவ்வளவு ஆசைப்பட்டான். உள்ளே போன கொஞ்ச நேரத்துல காதைப் பொத்திக்கிட்டுத் தரையில படுத்துட்டான்." கடைசியாக வந்த பையனின் மணிக்கட்டில், யாரோ பிடித்து இழுத்த விரல் தடம் சிவந்து கிடந்தது. அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

இழுத்தவர் கொடுமைக்காரர் இல்லை. "நாலு தடவை போனா பழகிடும்" என்று உண்மையாகவே நம்புகிறவர். இந்த நம்பிக்கையோடுதான் எனக்குத் தீராத சண்டை. ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்குச் சத்தமும் வெளிச்சமும் வாசனையும் நம்மைவிடப் பல மடங்கு உறைக்கும். சூடான பாத்திரத்தில் திரும்பத் திரும்பக் கையை வைத்தால் சூடு பழகுமா? அடுத்த முறை பாத்திரத்தைப் பார்த்தாலே கை பின்வாங்கும். குழந்தைக்கும் அப்படித்தான், அடுத்த முறை மியூசியம் என்ற பேச்சை எடுத்தாலே அழும். நாங்களும் பழக்குகிறோம்தான். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக, குழந்தை 'போதும்' என்று காட்டியதும் நிறுத்துகிற உரிமையோடு.

இப்படிக் காதைப் பொத்திக்கொண்டு படுத்துவிடுவது அடமும் இல்லை. அடம் பிடிக்கிற பிள்ளை, நீங்கள் கவனிக்கிறீர்களா என்று ஓரக்கண்ணால் பார்க்கும். கேட்டது கிடைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். புலன்கள் திணறிப்போன பிள்ளைக்கு எதை வாங்கிக் கொடுத்தாலும் அடங்காது. அதற்குத் தேவை அமைதியும் இடமும்தான்.

சென்னை எக்மோர் மியூசியம் 1851-இல் தொடங்கிய அருங்காட்சியகம். பழைய கட்டடம், உயரமான கூரை. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் மொத்தமாக உள்ளே நுழைந்தால் சத்தம் சுவரில் மோதித் திரும்பும். கண்ணாடிப் பெட்டிகளில் விளக்கு பளிச்சிடும். விலங்குகளைப் பதப்படுத்தி வைத்திருக்கும் பகுதியின் வாசனையை நாம் கடந்து போய்விடுவோம், பிள்ளையால் முடியாது.

ஆகவே, சர்ப்ரைஸ் என்ற பேச்சே வேண்டாம். முன்னதாக நீங்கள் மட்டும் ஒருமுறை போய் வாசல், டிக்கெட் கவுண்டர், படிக்கட்டு, கழிப்பறை எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வாருங்கள். அந்தப் படங்களை வரிசையாக வைத்து, "முதலில் டிக்கெட், அப்புறம் திமிங்கிலம், அப்புறம் வீடு" என்று தினமும் கதை போலச் சொல்லுங்கள். அமெரிக்கக் கல்வியாளர் கேரல் கிரே 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கிய சமூகக் கதை முறையை ஒட்டியதுதான் இது. செலவில்லாத வேலை, இருந்தும் செய்கிறவர்கள் குறைவு.

காதை மூடும் ஹெட்போனை அன்றைக்குத்தான் முதன்முதலாக மாட்டிவிடாதீர்கள். வீட்டில் மிக்ஸி ஓடும்போது போட்டுப் பழகட்டும். புதுச்சட்டை வேண்டாம், துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழையதே போதும். வெயிலில் கண் கூசும் பிள்ளையானால் தொப்பி. பழகிய தின்பண்டமும் தண்ணீரும் பையில் இருக்கட்டும். அந்தப் பையைப் பிள்ளையே சுமக்கட்டும். தோளில் அழுந்துகிற மிதமான கனம் சில பிள்ளைகளை நிதானப்படுத்தக்கூடும்.

எல்லாக் கூடத்தையும் பார்த்தாக வேண்டும் என்ற பேராசையை விடுங்கள். எக்மோரில் கட்டடங்கள் தனித்தனியாக இருப்பது நமக்கு வசதி. திமிங்கிலத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்து மூச்சு வாங்கலாம். பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தால் மட்டும் வெண்கலச் சிலைகளுக்குப் போங்கள். டிக்கெட் காசு வீணாகிறதே என்று கணக்குப் பார்க்காதீர்கள்.

மீறித் திணறிவிட்டால் பேச்சைக் குறையுங்கள். "என்னைப் பாரு, என்னைப் பாரு" என்று முகத்தைத் திருப்பாதீர்கள். வெளியே அழைத்துப்போய்ப் பக்கத்தில் உட்காருங்கள், அவ்வளவுதான்.

பக்கத்தில் நிற்கிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: வீடியோ எடுக்காதீர்கள், அந்த அம்மாவுக்குப் புத்தி சொல்லாதீர்கள், கொஞ்சம் நகர்ந்து வழி விடுங்கள். அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்கள் இத்தகைய குடும்பங்களுக்காகச் சில வார இறுதிக் காலைகளில் சீக்கிரமே திறக்கின்றன. நம் ஊரிலும் மாதம் ஒரு காலை அப்படி ஒதுக்க முடியாதா? அதுவரை, பள்ளிக்கூட பஸ்கள் வந்து நிற்கும் நேரத்தைத் தவிர்த்து, கதவு திறந்ததுமே உள்ளே போய்விடுங்கள். எக்மோர் மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. இத்தனை நாள் கதை சொல்லித் தயார்படுத்திவிட்டு, பூட்டிய கதவின் முன்னால் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்திவிடாதீர்கள்.