வளைவே இல்லாமல் ஒளியைக் குவிக்கும் லென்ஸ்

"போன் இவ்வளவு மெலிந்த பிறகும் கேமரா மட்டும் ஏன் முதுகில் துருத்திக்கொண்டு நிற்கிறது?" ஓசூரில் செல்போன் பழுதுபார்க்கும் வாசகர் ஒருவரின் கேள்வி இது. உள்ளே பல லென்ஸ்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதை அவரே பார்த்திருப்பார். அந்த அடுக்குதான் மேடு. அதற்குப் பதில் தட்டையான ஒரே தகட்டை வைக்கும் முயற்சிக்கு மெட்டாலென்ஸ் என்று பெயர்.

குவிலென்ஸ் நடுவில் தடித்தது. கண்ணாடிக்குள் ஒளி மெதுவாகப் போவதால் நடுவில் நுழையும் ஒளி அதிகம் தாமதிக்கும், ஓரத்து ஒளி குறைவாக. ஓசூர் சந்திரசூடேஸ்வரர் தேர் முனை திரும்பும்போது ஒரு பக்கச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டால், தடைபட்ட பக்கமாகத் தேர் திரும்பும் அல்லவா? ஒளியலையும் அப்படித்தான், அதிகம் தாமதிக்கும் நடுப்பக்கமாகத் திரும்பிக் குவிகிறது.

மெட்டாலென்ஸில் அந்தத் தாமத வேலையைச் செய்பவை நானோ தூண்கள், அதாவது கண்ணுக்கே தெரியாத நுண்ணிய தூண்கள். வெள்ளைப் பெயின்டில் இருக்கும் அதே டைட்டானியம் டை ஆக்சைடில் இவற்றைச் செய்யலாம். உயரம் எல்லாவற்றுக்கும் ஒன்றே, 600 நானோமீட்டர் அளவில் (பத்து லட்சம் நானோமீட்டர் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர்). மாறுவது தடிமன். தூண் ஒளியின் அலைநீளத்தைவிட, அதாவது ஓர் அலைமுகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் உள்ள இடைவெளியைவிட, குறுகலானது. அதனால் அலை பாதி தூணுக்குள்ளும் பாதி காற்றிலுமாகப் பரவிப் போகிறது. தூண் தடித்தால் உள்ளே போகும் பங்கு கூடும், தாமதமும் கூடும்.

சரி, இத்தனை குட்டையான தூண் எப்படிப் போதும்? சாதாரண லென்ஸின் நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையே பல நூறு அலைகள் தாமதம் இருக்குமே! இங்கேதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. ஓர் அலை சரியாக ஒரு முழு அலைநீளம் பிந்தினால், அதன் முகடு மீண்டும் பக்கத்து முகட்டோடு ஒட்டிவிடும். பிந்தாததற்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. எனவே ஒரே ஒரு அலையளவு தாமதம் தரத் தெரிந்தால் போதும். நடுவிலிருந்து வெளியே போகப் போகத் தூண்கள் மெலியும். ஒரு முழு அலை தீர்ந்ததும் மறுபடி தடித்த தூண், மறுபடி மெலிவு, வளையம் வளையமாக. ஒளியியலில் இதைவிட அழகான சிக்கனம் கிடையாது.

சிக்கலும் இதே இடத்தில்தான். சிவப்பின் முழு அலை நீலத்துக்கு முழு அலை அல்ல. ஆகவே நிறங்கள் வெவ்வேறு தொலைவில் குவியும். அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் ஃபெடரிகோ கபாசோவின் குழு 2016-ல் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே கூர்மையான மெட்டாலென்ஸ் செய்து காட்டியது, ஆனால் ஒரு லென்ஸுக்கு ஒரு நிறம். 2021-ல் பிரின்ஸ்டன், வாஷிங்டன் பல்கலைக்கழகங்கள் கல்லுப்பு அளவில், 16 லட்சம் தூண்களோடு முழுவண்ணக் கேமரா செய்தன. மங்கலைக் கணினி நிரல் சரிசெய்தது. வயிற்றுக்குள் விடும் எண்டோஸ்கோப்புக்கு இது பெரிய வரமாக அமையலாம். தூரம் அளக்கும் சென்சார்களுக்கு ஒரே அகச்சிவப்பு நிறம் போதும் என்பதால் அங்கே மெட்டாலென்ஸ் ஏற்கெனவே விற்பனைக்கு வந்துவிட்டது.

ஐபோன் பாகங்கள் ஓசூர்ப் பக்கம் தயாராகின்றன. நானோ தூண் செதுக்கத் தேவையான, தூசி புகாத சுத்த அறை பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில், ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி அரசுக் கல்லூரிகளின் இயற்பியல் மாணவர்கள் அங்கே போய் வேலை கற்க மாநில அரசு உதவித்தொகை தர வேண்டும். கேமராவைப் பொருத்தும் மாவட்டமாக மட்டும் நாம் இருந்துவிடக் கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.