ராணுவச் சம்பளம்: பதவியும் சர்வீஸும் இருந்தும் பணம் நின்றுபோவது எங்கே

ராணுவச் சம்பள அட்டவணையில் சிப்பாய் லெவல் 3, நாயக் 4, ஹவில்தார் 5, நாயப் சுபேதார் 6. அடிப்படைச் சம்பளம் முறையே 21,700, 25,500, 29,200, 35,400 ரூபாயில் தொடங்கும். சுபேதார் மேஜர் வரை எம்எஸ்பி, அதாவது ராணுவச் சேவை ஊதியம், 5,200. இரண்டையும் கூட்டித்தான் டிஏ (அகவிலைப்படி). ஆண்டுக்கு ஒரு இன்கிரிமென்ட். அக்னிவீரர் கணக்கு வேறு, அது இங்கே பொருந்தாது.

பதவி உயர்வு வராதவருக்கு 8, 16, 24 ஆண்டுகளில் எம்ஏசிபி என்ற சம்பள உயர்வுத் திட்டம் மூலம் அடுத்த லெவல் உண்டு. ஆனால் 7-ம் ஆண்டிலேயே நாயக் ஆனவருக்கு 8-ம் ஆண்டில் எதுவும் வராது, அந்த முறை பதவி உயர்விலேயே கழிந்துவிட்டது. எம்ஏசிபியில் லெவல் 4 வாங்கியவர் பிறகு நாயக் ஆனால் கையில் பட்டை ஏறும், சம்பளம் அப்படியே இருக்கும். பிழை என்று மனு எழுதி அலைய வேண்டாம்.

குடும்பச் சூழலால் பதவி உயர்வு வேண்டாம் என்று அன்வில்லிங் சர்டிபிகேட் எழுதிக் கொடுக்கிறவர்கள் நிறையப் பேர். கையெழுத்துக்கு முன் யாரும் சொல்வதில்லை: அதற்குப் பின் வரவேண்டிய எம்ஏசிபியும் நின்றுவிடும். லீவு முடிந்து தாமதமாகப் போன நாட்கள் முறைப்படுத்தப்படாமல் கிடந்தால் சர்வீஸில் கழிந்து, எம்ஏசிபி தேதி தள்ளிப்போகும்.

பதவி உயர்வின்போது புதிய சம்பளத்தை உடனே நிர்ணயிப்பதா, இன்கிரிமென்ட் தேதியிலிருந்தா என்று ஆப்ஷன் கேட்பார்கள், படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். லெவல் 3-ல் 26,800 வாங்குபவர், இன்கிரிமென்ட் தேதி ஜனவரி 1, அக்டோபரில் நாயக் ஆகிறார் என்று வைப்போம். உடனே சம்பள நிர்ணயம் கேட்டால் 27,900. அடுத்த இன்கிரிமென்ட் ஜூலைக்குப் போய்விடும், ஜூன் வரை அதே தொகைதான். இன்கிரிமென்ட் தேதியிலிருந்து கேட்டால் டிசம்பர் வரை 27,100, ஜனவரியில் 28,700. மூன்று மாதம் 800 குறைவு, அடுத்த ஆறு மாதம் 800 கூடுதல். டிஏ தனி. தேதி மாறினால் விடையும் மாறும். உங்கள் தேதியை வைத்துத் தாளில் போட்டுப் பாருங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் பணம் வராததற்குப் பெரும்பாலும் காரணம் பார்ட் டூ ஆர்டர், அதாவது பதவி உயர்வு போன்ற மாற்றங்களை யூனிட் பதிவு செய்யும் ஆணை. யூனிட் அதை வெளியிட்டு, சம்பள அலுவலகம் ஏற்றால்தான் பே ஸ்லிப்பில் ஏறும். மெட்ராஸ் ரெஜிமென்ட் ஜவான்களுக்கு அந்த அலுவலகம் நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. "அனுப்பியாச்சு" என்ற பதிலோடு திரும்பாதீர்கள். ஆர்டர் எண், தேதி, ஏற்கப்பட்டதா, ரிஜெக்ட் ஆனதா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ரிஜெக்ட் ஆனதை ஒருவரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். போஸ்டிங்கில் கிளம்புமுன் முடித்துவிடுங்கள். பிறகு பழைய யூனிட் புதியதைக் கைகாட்டும், புதியது பழையதைக் கைகாட்டும், நடுவில் நிற்பது நீங்கள்.

ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் பாதி, எம்எஸ்பியும் சேர்த்து. லெவல் தவறாக இருந்தால் அதே தவறு பிபிஓவிலும் (ஓய்வூதிய ஆணை) ஏறும். டிஸ்சார்ஜுக்குப் பின் திருத்த, ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் வழியாகப் பிரயாக்ராஜ் ஓய்வூதிய அலுவலகம் திருத்திய பிபிஓ வெளியிட வேண்டும். அப்போது கேட்கும் ஆதாரம் பழைய பே ஸ்லிப்பும் பார்ட் டூ ஆர்டர் நகலும்தான்; யூனிட்டில் இருக்கும்போதே வாங்கி வீட்டுக்கு ஒரு நகல் அனுப்பிவிடுங்கள்.