வலி மாத்திரை தீர்க்காத நோய்

ஒரு காலில் மட்டும் செருப்புடன், மற்றொரு காலைத் தரையில் ஊன்ற முடியாமல் மகனின் தோளைப் பிடித்தபடி ஒருவர் வெளிநோயாளிகள் பிரிவுக்குள் நுழைந்தால், பெருவிரல் மூட்டைப் பார்ப்பதற்கு முன்பே, யூரிக் அமிலம் மூட்டுகளில் படிந்து கடும் வலி தரும் கவுட் நோயாக இருக்குமோ என்ற எண்ணம் எனக்கு வந்துவிடும். ஐம்பது வயதைக் கடந்த லாரி ஓட்டுநர் ஒருவர் சென்ற ஆண்டு அப்படித்தான் வந்தார். இரவில் போர்வை உரசினாலும் தாங்க முடியவில்லை என்றார். நான்கு ஆண்டுகளாக வலி வரும்போதெல்லாம் மெடிக்கலில் வாங்கி விழுங்கிய மாத்திரைகளின் அட்டைகளை ஒரு பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்திருந்தார். அவற்றுள் யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மருந்து ஒன்றுகூட இல்லை. ரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் 9.8, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 2.1; இரண்டுமே இயல்பைவிட அதிகம்.

100 மில்லிலிட்டர் ரத்தத்தில் யூரிக் அமிலம் ஏறத்தாழ 6.8 மில்லிகிராமைத் தாண்டும்போது, அது ஊசி போன்ற படிகங்களாக மூட்டுகளில் படியத் தொடங்குகிறது. மருந்தே எடுக்காவிட்டாலும் வலி ஓரிரு வாரங்களில் அடங்கிவிடுவதால், நோயாளி குணமாகிவிட்டதாக நம்புகிறார். படிகங்களோ அங்கேயே இருக்கின்றன. வலி உச்சத்தில் இருக்கும்போது யூரிக் அமிலம் இயல்பான அளவில் தெரிவதும் உண்டு. அந்த ஓர் அறிக்கையை வைத்து கவுட் இல்லை என்று முடிவு செய்யாமல், இரண்டு வாரங்களுக்குப் பின் மீண்டும் பார்க்க வேண்டும்.

2020-இல் உலகில் 5.58 கோடிப் பேருக்கு இந்நோய் இருந்ததாகவும், 2050-இல் அது 9.58 கோடியாகக்கூடும் என்றும் மதிப்பிடப்பட்டுள்ளது. உடல் பருமனும் சிறுநீரக நோயும் முதுமையும் சேர்ந்து இந்த எண்ணிக்கையை உயர்த்துகின்றன. மருத்துவமனைகளின் சுமையில் ஒரு பகுதி நாங்களே சேர்த்துக்கொள்வது என்பதை வருத்தத்துடன் சொல்கிறேன்: ஐந்து நாளுக்கு வலி மாத்திரை எழுதி அனுப்பப்படுபவர் அதே வலியுடன் திரும்பி வருகிறார், தொடர்ந்து விழுங்கும் வலி மாத்திரைகளால் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டு, பிறகு ஒரு நாள் சிறுநீரகப் பிரிவில் படுக்கை கேட்கிறார்.

யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினால் 1966 முதல் புழக்கத்தில் இருக்கும், விலை குறைந்த மருந்துதான். சிறுநீரகம் பழுதாகியிருந்த அந்த லாரி ஓட்டுநருக்கு அதை 50 மில்லிகிராமில் தொடங்கி, யூரிக் அமிலம் 6-க்குக் கீழே வரும்வரை படிப்படியாகக் கூட்டினோம். தொடக்க மாதங்களில் படிகங்கள் கரையும்போது வலி மறுபடி வரக்கூடும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பலர் நிறுத்திவிடுவது இந்தக் கட்டத்தில்தான். அப்போது நிறுத்தக் கூடாது. ஆனால் தோலில் தடிப்பு தோன்றினால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு வர வேண்டும். மூட்டு வீக்கத்துடன் காய்ச்சலும் இருந்தால், அது கிருமித்தொற்றாக இருக்கக்கூடும் என்பதால் வீட்டில் காத்திருக்கலாகாது.

"பருப்பை விட்டுவிடட்டுமா டாக்டர்?" என்று இவரும் கேட்டார். பருப்பும் கீரையும் பெரிய குற்றவாளிகள் அல்ல. பீர், ஈரல், மத்தி, சர்க்கரை சேர்த்த குளிர்பானங்கள் ஆகியவற்றைக் குறைக்கச் சொன்னேன். உணவுக் கட்டுப்பாட்டால் மட்டும் யூரிக் அமிலம் சிறிதளவே குறையும் என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

எட்டு மாதங்களில் அவருடைய யூரிக் அமிலம் 5.4-க்கு இறங்கியது, இரண்டு காலிலும் செருப்பணிந்து தனியாகவே வருகிறார். கிரியாட்டினின் மட்டும் 1.8-க்குக் கீழே வரவில்லை.