துரு, அரக்கு, பழுப்பு: இலையுதிர் கால நகப்பூச்சின் நிறங்கள் உருவாகும் விதம்

வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் செப்டம்பர் மாதம் பிறந்ததும் ஒப்பனைக் கடைகளில் நகப்பூச்சுக் குப்பிகளின் வரிசை இடம் மாறுகிறது. கோடையில் முன்வரிசையில் இருந்த வெளிர் ரோஜாவும் பவள நிறமும் பின்னுக்குப் போக, அரக்கு, துரு, செங்கல், சாக்லேட் பழுப்பு, கடுகு மஞ்சள், ஆலிவ் பச்சை, தாமிரம் ஆகிய நிறங்கள் அவ்விடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. 1994ஆம் ஆண்டில் ஷனேல் நிறுவனம், அமெரிக்காவில் ‘வேம்ப்’ என்றும் பிரான்சில் ‘ரூஜ் நுவார்’ என்றும் பெயரிட்டு வெளியிட்ட, ஏறக்குறைய கறுப்பாகவே தோன்றும் சிவப்பு நகப்பூச்சு பெரும் வரவேற்பைப் பெற்றது. அடர்ந்த சிவப்பு இன்று அந்தப் பருவத்தின் நிலையான நிறங்களுள் ஒன்று. மேலே சொன்ன நிறங்கள் ஒன்றுக்கொன்று வேறாகத் தெரிந்தாலும் அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு: அவை சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் ஆகிய வெம்மையான நிறங்கள் இருண்டு நிற்கும் நிலை. இந்த இருட்டை ஒரு மெல்லிய படலத்துக்குள் கொண்டுவருவதில்தான் நகப்பூச்சின் வேதியியலும் நம் கண்ணின் இயல்பும் தெளிவாக வெளிப்படுகின்றன.

பருவத்துக்கேற்ப நிற விருப்பம் மாறுவது வெறும் விளம்பரத்தின் விளைவன்று. கேரன் ஷ்லாஸ், ஸ்டீபன் பாமர் ஆகிய உளவியலாளர்களும் அவர்களுடைய சகாக்களும் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் நடத்திய ஆய்வில், இருண்ட வெம்மை நிறங்களின் மீதான விருப்பம் மற்ற பருவங்களைவிட இலையுதிர் காலத்தில் கூடுவதைக் கண்டார்கள். ஒரு நிறத்தை எந்தப் பொருள்களோடு சேர்த்து நினைக்கிறோமோ, அந்தப் பொருள்கள் நமக்கு எவ்வளவு பிடிக்குமோ, அவ்வளவுக்கு அந்த நிறமும் பிடிக்கிறது என்பது அவர்களுடைய விளக்கம். நியூ இங்கிலாந்தில் அக்டோபர் மாதத்தில் கண்ணை நிறைப்பவை மேப்பிள் மரங்கள் என்பதால், அங்கே விரும்பப்படும் நிறங்களும் அந்த இலைகளின் நிறங்களாகவே இருக்கின்றன.

அந்த இலைகளில் நடப்பது சிதைவும் ஆக்கமும் கலந்த ஒரு செயல். பகல் குறுகத் தொடங்கியதும் மரம் புதிய பச்சையம் தயாரிப்பதை நிறுத்திவிட்டு, இருப்பதைச் சிதைத்து, இலையின் புரதங்களில் உள்ள நைட்ரஜனைத் தண்டுக்கு இழுத்துக்கொள்கிறது. அதுவரை பச்சைக்குள் மறைந்திருந்த கரோட்டினாய்டுகள் மஞ்சளாகத் தெரியவருகின்றன. சிவப்பு அப்படி மறைந்திருந்ததன்று. இலையில் தங்கிய சர்க்கரையைக் கொண்டு ஆந்தோசயனின் என்ற பொருள் அந்த வாரங்களில் புதிதாகவே உருவாகிறது. கடைசியில் எஞ்சும் டானின்கள் இலையைப் பழுப்பாக்குகின்றன. ஆனால் ஒளியிலும் காற்றிலும் எளிதில் சிதையும் இந்தச் சாயங்களை நகப்பூச்சுக்கு நம்ப முடியாது. ஆந்தோசயனின் அமிலத்தன்மை மாறினால் நிறத்தையே மாற்றிக்கொள்ளும். ஆகவே இலையின் நிறத்தைக் குப்பிக்குள் கொண்டுவர வேதியியலாளர்கள் இலையை விட்டுவிட்டு மண்ணைத் தேடிப் போனார்கள்.

மண்ணில் கிடைத்தது இரும்பு. துரு நிற நகப்பூச்சில் இருப்பது உவமையாக அல்லாமல் உண்மையாகவே துருவுக்கு உறவான இரும்பு ஆக்சைடு. செம்மண்ணுக்கும் காவிக்கல்லுக்கும் சிவப்பைத் தரும் ஹேமடைட்டும், மஞ்சள் காவிக்கு நிறம் தரும் கோதைட்டும், கறுப்பான மேக்னடைட்டும் ஆகிய மூன்றே இந்தப் பருவத்து நிறங்களில் பெரும்பகுதியை உருவாக்கிவிடுகின்றன. மஞ்சளும் சிவப்பும் சேர்ந்தால் செங்கல் நிறம். அதில் கறுப்பைக் கூட்டினால் சாக்லேட் பழுப்பு. மஞ்சளோடு கறுப்பை மட்டும் அளவாகச் சேர்த்தால், நீலம் ஒரு துளியும் இல்லாமலேயே, ஆலிவ் பச்சையின் சாயல் வந்துவிடுகிறது. கோதைட்டைச் சூடாக்கினால் அதிலுள்ள நீர் வெளியேறி அது ஹேமடைட்டாக மாறும் என்பதால், இந்த மஞ்சளும் சிவப்பும் ஒரு நீர் மூலக்கூறின் தொலைவில் இருப்பவை எனலாம். ஹேமடைட்டின் துகள் அளவுகூட நிறத்தை மாற்றும்: ஒரு மைக்ரோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள துகள்கள் ஆரஞ்சு சாயலுள்ள சிவப்பையும், அவற்றைவிடப் பெரியவை ஊதா சாயலுள்ள சிவப்பையும் தருகின்றன. நிலத்திலிருந்து எடுக்கும் காவியில் ஆர்செனிக், காரீயம் முதலியவை கலந்திருக்கக்கூடும் என்பதால் ஒப்பனைப் பொருள்களுக்கு இந்த ஆக்சைடுகளை ஆலைகளில் செயற்கையாகவே தயாரிக்கிறார்கள்.

பழுப்பைப் பற்றி இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். வானவில்லில் பழுப்பு இல்லை. பழுப்புக்கென்று ஓர் அலைநீளமும் இல்லை. சுற்றியுள்ளவற்றைவிட மங்கலாகத் தெரியும் ஆரஞ்சையே நம் பார்வை பழுப்பு என்று உணர்கிறது. இதை வீட்டிலேயே சோதிக்கலாம். பழுப்பு பூசிய நகத்தை நல்ல வெயிலில் வைத்து, உட்புறம் கறுப்பாக்கிய ஒரு காகிதக் குழாய் வழியாக, நகத்தைத் தவிர வேறெதுவும் தெரியாதபடி பார்த்தால், பழுப்பு மறைந்து ஆரஞ்சு தோன்றத் தொடங்கும். குழாயை எடுத்ததும், விரலின் தோலும் சுற்றியுள்ள வெளிச்சமும் ஒப்பீட்டுக்கு வந்துவிட, மறுபடியும் பழுப்பு. ஒரே குப்பியிலிருந்து பூசிய பழுப்பு வெளிர்ந்த கையில் ஆழமாகவும், கருத்த கையில் வெம்மை கூடி ஒளிர்வதாகவும் தெரிவதற்கு இதுவே காரணம். வெளிர்ந்த கைகளை மட்டுமே காட்டும் நிற அட்டையை நம்பி வாங்கிய பெண்கள் ஏமாந்துபோவது அவர்களுடைய ரசனையின் குறையன்று, அட்டையின் குறை.

இரும்பு ஆக்சைடுகளால் செய்ய முடியாத ஒரு நிறம் உண்டு. அவை ஒளியை மறைக்கும் இயல்புள்ளவை. அவற்றால் வரும் சிவப்பு மண்ணின் சிவப்பாகவே இருக்கும். திராட்சை ரசத்தைப் போல ஒளி உள்ளே புகுந்து வெளிவரும் அடர்ந்த சிவப்புக்கு, ஒளிபுகும் தன்மையுள்ள கரிமச் சாயங்கள் தேவை. கரையும் சாயம் நகத்திலும் தோலிலும் ஊறிவிடும் என்பதால், அதைக் கால்சியம் போன்ற உலோகத்தோடு பிணைத்துக் கரையாத தூளாக்குகிறார்கள். அமெரிக்காவில் ரெட் 7, ரெட் 34 என்ற எண்களால் அழைக்கப்படும் நிறமிகள் இத்தகையவை. இப்படிப் பிணைத்த தூளுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் ‘லேக்’. ஏரிக்கும் அதற்கும் தொடர்பில்லை. வடமொழியின் ‘லாக்ஷா’ பாரசீகம், லத்தீன் வழியே ஐரோப்பாவுக்குப் போய் இந்தச் சொல்லாக மாறியது. லாக்ஷா என்பது நம் அரக்குதான். மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசினையும் அதிலிருந்து கிடைத்த சிவப்பையும் குறித்த சொல் அது. நகப்பூச்சுக்கு வழங்கும் ‘லாக்கர்’ என்ற பெயரும் அதே வேரில் பிறந்தது. பட்டுப்புடவைக் கடையில் நாம் அரக்கு நிறம் என்று சொல்லிக் கேட்பதும் அக்டோபர் மாதத்து நியூயார்க்கில் பெண்கள் நகத்தில் பூசுவதும் ஏறத்தாழ ஒரே நிறம் என்பதோடு, பெயரளவிலும் ஒரே குடும்பம் என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தரும் செய்தி.

அரக்கு நிறம் அடரும் விதம் ஓர் எளிய கணக்கு. ஒளி பூச்சின் வழியே இறங்கி, நகத்தில் பட்டு, மறுபடியும் பூச்சின் வழியே வெளிவருகிறது. அதாவது ஒவ்வொரு பூச்சையும் இருமுறை கடக்கிறது. ஒரு பூச்சு ஒவ்வொரு கடத்தலிலும் சிவப்பு ஒளியில் 90 விழுக்காட்டையும் பச்சை ஒளியில் 50 விழுக்காட்டையும் விடுகிறது என்று எடுத்துக்கொள்வோம். ஒரு பூச்சுக்குப் பிறகு சிவப்பில் 81, பச்சையில் 25 விழுக்காடு திரும்புகிறது. இரண்டாவது பூச்சுக்குப் பிறகு சிவப்பில் 66 விழுக்காடு இருக்கையில் பச்சையில் 6 விழுக்காடுதான் மிஞ்சுகிறது. சிவப்பு மெல்லக் குறைய, மற்ற நிறங்கள் வேகமாக அழிந்துவிடுகின்றன. முதல் பூச்சில் ஜாம் தடவியதைப் போல வெளிறித் தெரிந்தது, இரண்டாவது பூச்சில் அரக்காக ஆழ்வதும், மூன்றாவதில் கறுப்பை நெருங்குவதும் இதனால்தான். தூரிகை மெல்லிதாகப் படிந்த ஓரங்களில் திட்டுத்திட்டாகத் தெரிவதற்கும் காரணம் இதுவே. வெளிர் நிறங்களில் கண்ணுக்குத் தப்பிவிடும் பூசுவோரின் சிறு பிழைகளை இந்த நிறம் மறைக்காது.

இரண்டு மெல்லிய பூச்சுகளுக்குப் பதிலாகக் கனமாக ஒன்றைப் பூசினால் போதாதா என்ற கேள்வி எழும். குப்பியிலுள்ள திரவத்தில் ஏறக்குறைய 70 விழுக்காடு கரைப்பான்கள். 77 பாகை செல்சியஸில் கொதிக்கும் எத்தில் அசிட்டேட் முதலில் ஆவியாகிப் பூச்சு வழிந்தோடாமல் நிறுத்துகிறது. 126 பாகையில் கொதிக்கும் பியூட்டைல் அசிட்டேட் சற்றுத் தங்கி, தூரிகைக் கோடுகள் சமமாக நேரம் கொடுக்கிறது. இரண்டும் போன பிறகு, பருத்தி அல்லது மரக்கூழின் செல்லுலோஸிலிருந்து செய்த நைட்ரோசெல்லுலோஸ் என்ற பலபடி படலமாகி, நிறமித் துகள்களைத் தன்னுள் பூட்டிக்கொள்கிறது. கனமான பூச்சில் மேற்பரப்பு முதலில் உலர்ந்து ஒரு தோல் போல மூடிக்கொள்ள, உள்ளே சிக்கிய கரைப்பான் வெளியேற வழியில்லாமல் மணிக்கணக்கில் மென்மையாகவே கிடக்கிறது. இரவில் பூசி, காலையில் போர்வையின் தடம் நகத்தில் பதிந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

தாமிர நிறத்தின் மினுமினுப்பு வேறொரு வழியில் வருகிறது. காக்காப்பொன் என்று நாம் சொல்லும் மைக்காவின் மெல்லிய சில்லுகள் மீது, ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய தடிப்பில் இரும்பு ஆக்சைடைப் படியவைக்கிறார்கள். அந்தப் படிவின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் எதிரொளிக்கும் அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து, தடிப்புக்கு ஏற்பச் சில நிறங்களைக் கூட்டியும் சிலவற்றை அழித்தும் விடுகின்றன. தடிப்பு கூடக்கூட வெண்கலம் தாமிரமாகி, தாமிரம் செவ்வண்ணமாகிறது. பூச்சு உலர்ந்து சுருங்கும்போது சில்லுகள் நகத்துக்கு இணையாகப் படுத்துக்கொள்வதால் பரப்பு முழுவதும் உலோகத்தைப் போல ஒளிர்கிறது. இந்த மைக்காவில் பெரும்பங்கு ஜார்க்கண்ட், பீகார் மாநிலங்களிலிருந்து போகிறது. அங்கே குழந்தைகள் அதைப் பொறுக்கும் வேலையில் ஈடுபடுத்தப்படுவது பலமுறை வெளிக்கொணரப்பட்டுள்ளது. செயற்கை மைக்காவைப் பயன்படுத்தியதாகக் குறிப்பிடும் குப்பியைத் தேடி வாங்குவது சிறு சிரமம்தான், அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளலாம்.

இந்தக் கனமான தூள்கள் அனைத்தும் குப்பியின் அடியில் தங்கிவிட வேண்டியவை. ஹேமடைட்டின் அடர்த்தி தண்ணீரைப் போல ஐந்து மடங்குக்கும் சற்று மேல். அப்படித் தங்குவதைத் தடுப்பவை ஹெக்டோரைட் போன்ற களிமண்கள். அவற்றின் தகட்டுத் துகள்கள் திரவத்துக்குள் ஒரு மெல்லிய வலைப்பின்னலாகி நிறமியைத் தாங்குகின்றன. குலுக்கினாலோ தூரிகையால் இழுத்தாலோ பின்னல் கலைந்து திரவம் ஓடுகிறது, விட்டதும் மறுபடியும் இறுகுகிறது. நீண்ட நாள் கிடந்த குப்பியைக் குலுக்கும்போது கேட்கும் ஒலி, பின்னலை உடைக்க உள்ளே போடப்பட்ட சிறு எஃகுக் குண்டுகளுடையது.

அடர் சிவப்பு பூசுவோர் அடிப்பூச்சைத் தவிர்க்கக் கூடாது. மருதாணியின் லாசோன் என்ற சாயம் நகத்தின் கெரட்டின் புரதத்தோடு வேதிப்பிணைப்பு கொண்டு தங்குகிறது; நகப்பூச்சோ மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் படலம் மட்டுமே, அசிட்டோன் பட்டதும் கரைந்து போகக்கூடியது. ஆனால் உலோகத்தோடு பிணைத்த சாயத்திலும் மிகச் சிறிய பகுதி கரைப்பானில் கரைந்து நகத்துக்குள் ஊறிவிடுகிறது. அடிப்பூச்சு இல்லாமல் வாரக்கணக்கில் அரக்கு பூசியவர்களின் நகத்தில் மஞ்சள் கறை எஞ்சுவது பெரும்பாலும் இதனால். இரும்பு ஆக்சைடு கரையாதது என்பதால் துருவும் செங்கல்லும் இந்தத் தொல்லையை அவ்வளவாகத் தருவதில்லை. ஊறிய கறையை அசிட்டோனால் எடுக்க முடியாது. நகம் வளர்ந்துதான் அது வெளியேற வேண்டும். கைநகம் மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டர் அளவே வளரும். அக்டோபரில் மேப்பிள் சிவந்தபோது பிடித்த கறை, மார்ச்சில் அதே மரம் துளிர்க்கத் தயாராகும்போதும் நகத்தின் நுனியில் தெரியக்கூடும்.