பாதியில் நிற்கும் பிஎச்.டி.: சேருமுன் கேட்க வேண்டிய கணக்கு

பிஎச்.டி. சேர வருகிறவர்கள் ஒரு கைடைப் பற்றி வழக்கமாக விசாரிப்பது இரண்டு விஷயம்: எத்தனை பேப்பர் போட்டிருக்கிறார், அவரிடம் எத்தனை பேர் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். இரண்டாவது கேள்வி பாதிக் கேள்விதான். பன்னிரண்டு பேர் முடித்தார்கள் என்றால், சேர்ந்தது பதின்மூன்று பேரா, இருபத்தைந்து பேரா? அது தெரியாமல் அந்தப் பன்னிரண்டை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

நெறியாளராகவும், மற்றவர்களின் மாணவர்களுக்கு ஆய்வு ஆலோசனைக் குழு உறுப்பினராகவும் பல வருடங்கள் இருந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். முடித்தவர்களின் பெயர் துறைச் சுவரில் இருக்கும், விட்டுப் போனவர்களின் பெயர் எங்கேயும் இருக்காது.

நாட்டளவிலும் இதே கதைதான். உயர்கல்வி குறித்த அகில இந்தியக் கணக்கெடுப்பில் 2014-15இல் 1.17 லட்சமாக இருந்த பிஎச்.டி. மாணவர் எண்ணிக்கை, 2021-22இல் 2.12 லட்சம் ஆகியிருக்கிறது. இது பதிவில் இருப்பவர்களின் எண்ணிக்கை. கட்டணத்தை மட்டும் கட்டிக்கொண்டு ஒரு பக்கம்கூட எழுதாமல் இருப்பவரும் இதற்குள்தான் வருவார். முடித்தவர்களின் ஆய்வேடு, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் தொகுத்து வைக்கும் சோத்கங்கா இணையதளத்தில் ஏறிவிடும். இடையில் காணாமல் போனவர்களை யார் எண்ணுவது?

எண்ணிப் பார்த்த நாடுகளின் கணக்கு கவலை தருகிறது. அமெரிக்கப் பட்டமேற்படிப்புக் கல்வி நிறுவனங்களின் கூட்டமைப்பு 2008இல் வெளியிட்ட ஆய்வின்படி, சேர்ந்து பத்து வருடம் ஆன பிறகும் முடித்திருந்தவர்கள் 57 சதவீதம்தான். பொறியியலில் 64, இலக்கியம், வரலாறு, தத்துவம் போன்ற துறைகளில் 49. இங்கிலாந்தின் உயர்கல்வி நிதிக் குழு 2005இல் தந்த கணக்கில், முழுநேர மாணவர்களில் ஏழு வருடத்துக்குள் முடித்தவர்கள் 71 சதவீதம், பகுதிநேரத்தில் 34. கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே பார்ட் டைமில் பதிவு செய்ய நினைப்பவர்கள் அந்தக் கடைசி எண்ணை ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும்.

இடையில் விட்டுப் போகிறவர்கள் யாரும் திறமை இல்லாதவர்கள் அல்ல. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்பது எழுதியவர்களுக்குத் தெரியும். முதல் வருடத்திலேயே வங்கி வேலையோ டி.என்.பி.எஸ்.சி.யோ கிடைத்துப் போகிறவர்களைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. அது யோசித்து எடுத்த முடிவு. நாலாவது, ஐந்தாவது வருடத்தில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோகிறவர்கள்தான் என் கவலை.

பணத்தையே எடுத்துக்கொள்வோம். 2023 முதல் உள்ள விகிதப்படி ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அடுத்த மூன்று வருடம் 42,000. வீட்டு வாடகைப் படி சேர்க்காமலே ஒரு மாணவருக்கு அரசு செலவிடுவது 24 லட்சம். ஐந்து வருடத்தோடு அது நிற்கும். பல்கலைக்கழக மானியக் குழுவான யூ.ஜி.சி.யின் 2022 விதிமுறையோ பிஎச்.டி.க்கு ஆறு வருடம் தருகிறது, மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு. களப்பணியோ லேப் வேலையோ உள்ள ஆய்வு ஐந்து வருடத்தில் முடிவது அபூர்வம். பணம் நின்ற மறுமாதம் தனியார் கல்லூரியில் வேலைக்குப் போவார்கள், 'சாயங்காலம் உட்கார்ந்து எழுதிடுவேன்' என்பார்கள். மூன்றாவது அத்தியாயம் அப்படியே கிடக்கும். எழுதி முடிப்பதற்குத்தான் உதவித்தொகை மிகவும் தேவை, சரியாக அப்போது அது இருப்பதில்லை. இந்த அமைப்பிலேயே உள்ள பெரிய ஓட்டை இதுதான் என்பது என் கருத்து.

அடுத்தது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்க வேண்டிய ஆலோசனைக் குழுக் கூட்டம். நடைமுறையில் இருபது நிமிடம், ஒரு டீ, போன தடவை காட்டிய அதே பிபிடி, தேதி மட்டும் புதுசு. 'முன்னேற்றம் திருப்திகரம்' என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுவோம். ஒரு மாணவிக்கு ஒவ்வொரு கூட்டத்திலும் அப்படியே எழுதப்பட்டு வந்தது. ஒரு நாள், "எழுதின வரைக்கும் காட்டும்மா" என்றேன். "இன்னும் ஒரு அனாலிசிஸ் பாக்கி இருக்கு மேடம், முடிச்சுட்டு மொத்தமா குடுக்கறேன்" என்றாள். அதுவரை அவள் எழுதிய ஒரு பக்கத்தைக்கூட எங்களில் ஒருவரும் படித்திருக்கவில்லை. அந்தப் பதிலை இப்போது யாரிடம் கேட்டாலும் எனக்குப் பயம் வந்துவிடும். அதனால் நான் இருக்கும் குழுக்களில் பிபிடி கேட்பதில்லை. எழுதிய பத்துப் பக்கம் வேண்டும், எவ்வளவு மோசமாக இருந்தாலும் பரவாயில்லை.

பிரிட்டனில் 1980களில் பொருளாதார, சமூக ஆய்வுக் கவுன்சில் ஒரு கடுமையான முடிவெடுத்தது: நான்கு வருடத்துக்குள் ஆய்வேடு தருபவர்கள் குறைவாக உள்ள நிறுவனங்களுக்கு உதவித்தொகை இடங்களை நிறுத்தியது. ஆய்வேடு தரும் விகிதம் ஏறியது. அவசரத்தில் தரம் குறையும் என்று அப்போதே ஆட்சேபம் எழுந்தது, அதில் நியாயமும் இருக்கிறது. நம் ஊரில் தண்டனை வேண்டாம். எந்த வருடம் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் எத்தனை வருடத்தில் முடித்தார்கள் என்று துறைவாரியாக வெளியிட்டாலே போதும். பொதுப்பணத்தில் நடக்கும் படிப்புக்கு இதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

பாதியில் நிற்பவர்களுக்கு: விதிகளைப் படிக்காமல் கைவிடாதீர்கள். பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் கூடுதலாக இரண்டு வருடம், அதாவது மொத்தம் பத்து வருடம் வரை இடம் உண்டு. மகப்பேறு, குழந்தை வளர்ப்புக்கு 240 நாள் வரை விடுப்பு எடுக்கலாம். கல்யாணமாகி வேறு ஊருக்குப் போகும் பெண், ஆய்வுத் தரவுகளை அங்குள்ள பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொள்ள விதி இடம் தருகிறது, அந்த ஆய்வு வெளிநிதி பெற்ற புராஜெக்டின் பகுதியாக இல்லாவிட்டால். ஆய்விதழில் பேப்பர் வராததால், ஆய்வேட்டுக்கு முன் தரும் சுருக்கமான சினாப்சிஸைக் கொடுக்க முடியாமல் இருப்பவர்கள் கவனியுங்கள்: 2022 விதிமுறையில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் தனியாக வைத்திருக்கலாம். இதையும் உங்கள் பதிவு எந்தத் தேதியில் முடிகிறது என்பதையும் ஆய்வுப் பிரிவுக்குக் கடிதம் எழுதி, பதிலை எழுத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.