மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள்

நாலரை வயதுக் குழந்தை. "மேல்பல்லில் பிரஷ் பட்டாலே கத்துகிறாள் டாக்டர், ஒரே அடம்" என்றார் அம்மா. மேலுதட்டைத் தூக்கினால், முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே தடித்த சதை நாண் ஒன்று ஈறின் நுனிவரை இறங்கியிருந்தது. அதன் இரு பக்கமும் அழுக்கு அடையாகப் படிந்து, ஒரு பல்லில் ஈறோரமாகச் சுண்ணாம்புக் கோடு போல சொத்தையின் தொடக்கம். பிரஷ் தினமும் அந்த நாணில்தான் இடித்திருக்கிறது, பாவம், வலிக்காமல் என்ன செய்யும்?

இந்த நாணை ஃப்ரீனம் என்போம். எல்லோருக்கும் உண்டு, எங்கே ஒட்டுகிறது என்பதுதான் ஆளுக்கு ஆள் மாறும். ஈறுக்கு மேலே உள்ள சிவந்த, அசையும் சவ்விலேயே நின்றுவிடலாம். கெட்டியான ஈறில் ஒட்டலாம். பல்லிடுக்கில் முக்கோணமாக இருக்கும் ஈறுவரை இறங்கலாம். சிலருக்கு அந்த இடுக்கையும் தாண்டி அண்ணத்துப் பக்கம் போய்விடும். 1974-இல் பிளாசெக் என்ற ஆய்வாளரின் குழுவினர் பிரித்த இந்த நாலு வகையைத்தான் நாங்கள் இன்றும் எழுதுகிறோம். முதல் இரண்டும் பெரும்பாலும் தொந்தரவு தராது. மற்ற இரண்டில் உதட்டை இழுத்தால் இடுக்கு ஈறு வெளுக்கும், நாண் ஈறை இழுக்கிறது என்று அர்த்தம். ஆனால் நான் அதிகம் பார்ப்பது பிரஷ் எட்டாமல் வரும் சொத்தையும் ஈறு வீக்கமும்தான்.

அந்த அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான். குழந்தையை மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து, ஆள்காட்டி விரலால் உதட்டைத் தூக்கி, அதே விரலால் நாணை மூடிக்கொள்ளுங்கள். பிரஷ் இடித்தாலும் உங்கள் விரலில்தான் இடிக்கும். தலை சிறியதாக, மென்மையான பிரஷ் போதும். ஃப்ளோரைடு பேஸ்ட் மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவு, அதற்கு மேல் பட்டாணி அளவு.

"வெட்டிவிடலாமா?" என்று கேட்டார். நிறைய பேர் கேட்கிறார்கள். அவசரம் வேண்டாம். குழந்தை வளர வளர நாண் பெரும்பாலும் மேலே ஏறிவிடும். நாண் இறங்கும் அந்த இரண்டு முன்பற்களுக்கு நடுவே ஏழெட்டு வயதில் இடைவெளி இருப்பது சகஜம், 11, 12 வயதில் கோரைப்பல் முளைத்ததும் பலருக்கு அது தானாக மூடிக்கொள்ளும். மூடாவிட்டால் கம்பி கட்டிப் பற்களைச் சேர்த்த பிறகு நாணை வெட்டுவதையே நான் விரும்புவேன், ஏனென்றால் முன்பே வெட்டினால் அந்தத் தழும்பே பற்கள் சேர விடாமல் தடுக்கலாம். பெரியவர்களுக்கு நாண் இழுத்து ஈறு பல்லைவிட்டு விலகிக்கொண்டே வந்தால் கதை வேறு, அப்போது தள்ளிப்போடக் கூடாது.

குழந்தையின் பல்லில் இருந்த அந்தச் சுண்ணாம்புக் கோட்டின் மேல், சொத்தை வளராமல் தடுக்கும் ஃப்ளோரைடு வார்னிஷ் பூசி அனுப்பினேன். மூன்று மாதம் கழித்து வந்தபோது, நான் கேட்பதற்கு முன்பே அவளே உதட்டைத் தூக்கிக் காட்டினாள்.